மூணு மணி காக்டெய்ல்

இவத்த உக்காரு அம்மிணி. அந்த பெஞ்சு வேண்டாம், அதுக்கு மேல ஃபேன் சுத்தாது. நான் ரெண்டு வருசமா இந்த பெஞ்சுலதான் உக்காருறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரத்துல ஒரு கட்டில் நேரா தெரியுது பாரு, அதுல படுத்திருக்கறதுதான் எங்கூட்டுக்காரரு. ஜெனிட்டா சிஸ்டருகிட்டச் சொல்லி அந்தக் கட்டிலையே கேட்டு வாங்கி வெச்சிருக்கறேன். நாலு மணி நேரம் அந்த மெஷினைக் கட்டிட்டு அசையாம கெடக்கோணும். அவரு கண்ணுக்கு நான் தெரிஞ்சுட்டே இருக்கோணும். இல்லீன்னா மனசு ஒரு மாதிரி ஆயிப்போகும், பாவம்.

உன்ற வீட்டுக்காரருக்கு இன்னிக்குத்தான் மொத டயாலிசிஸா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அழுதுபோட்டு வந்திருக்கறே. அழுகாதே. வாரத்துல மூணு நாளு கூட்டிட்டு வரோணும், கூட்டிட்டுப் போகோணும், அவ்வளவுதான். அது பெருசில்ல. தண்ணிதான் பெருசு. டாக்டர் சொல்லியிருப்பாரே? கிட்னி வேலை செய்யாட்டி குடிக்கற தண்ணி வெளிய போக வழியில்ல. நெஞ்சுல வந்து நின்னுக்கும், மூச்சு வாங்கும். எங்கூட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரு. காப்பி, மோரு, மாத்திரை முழுங்கற தண்ணி, எல்லாஞ் சேத்து அரை லிட்டரு. காலையில ஒரு பாட்டில்ல ஊத்தி அவரு முன்னாடி வெச்சிருவேன். தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுதான். மறுநா விடியோணும்.

அட, நீ என்ன அம்மிணி, இங்க உக்காந்துட்டு பாட்டிலைத் தொறக்கறே? மூடு, மூடு. பைக்குள்ள வை. உள்ள இருக்கறவங்க பாத்தா ஏங்கிப் போயிருவாங்க. குடிக்கோணும்னா அந்தப் படிக்கட்டுப் பக்கம் போய்க் குடிச்சுட்டு வா. இதெல்லாம் நாமதான் ரோசனை பண்ணி நடந்துக்கோணும்.

இந்த வார்டுல கேட்டுப் பாரு. எல்லாரும் மூணு கிலோ, நாலு கிலோ தண்ணியோட வந்து படுப்பாங்க. எங்கூட்டுக்காரரு ஒரு கிலோ தாண்டி வந்ததில்ல. 'சென்னியப்பனைப் பாத்துக்கற அட்டெண்டர் அம்மா மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல'ன்னு சிஸ்டர் எல்லாருகிட்டயும் சொல்லும். புதுசா வர்றவங்களை என்றகிட்ட அனுப்பிவிடும், கேட்டுக்கங்கன்னு. உன்னையும் அதுதானே அனுப்புச்சு? பாத்தியா.

ஆனா லேசுல வந்துரல அம்மிணி. ஆம்பளைங்க திருடுவாங்க. நீ நம்ப மாட்டே, பல்லு வெளக்கறப்ப கொப்புளிக்கற தண்ணிய முழுங்குவாரு. எங்க ஊட்டுக் குழாயில வர்றது போர்த் தண்ணி, வாயில வெச்சா கரிக்கும். அதையே முழுங்கினாரு. அப்புறம் நான் கூடவே நின்னு, துப்பறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் நகருவேன். வெயிலுக்குக் கழுத்துல ஈரத் துண்டு போட்டுவிட்டா அந்தத் துண்டோட முனைய வாயில வெச்சு உறிஞ்சிட்டு இருந்தாரு. நல்லவேளை பாத்துட்டேன். அன்னியில இருந்து துண்டைப் புழிஞ்சு, கொடியில போட்டு, காய வெச்சுத்தான் குடுக்கறது. கேன் தண்ணிய சமையக்கட்டுல வெச்சுக் கதவைச் சாத்திட்டேன். ஃப்ரிட்ஜு ஹால்ல இருக்குதா, ஒரு ஆசாரியக் கூப்புட்டு அதுல கொண்டி அடிச்சுப் பூட்டு மாட்டிட்டேன். ஃப்ரிட்ஜுக்கு யாராவது கொண்டி அடிப்பாங்களான்னு ஆசாரி சிரிச்சான். சிரிக்கட்டும். பாத்துக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

போன சித்திரையில ஜெனிட்டா சிஸ்டர்தான் ஒரு ரோசனை சொல்லுச்சு. நல்ல புள்ள அது. 'திராட்சைய ஃப்ரீசர்ல வெச்சுக் கல்லாட்டம் ஆக்கி, தாகம் எடுக்கறப்ப ஒண்ணு ரெண்டு வாயில போடுங்கம்மா. ஒதுக்கிட்டே இருந்தா தாகம் அடங்கும். தண்ணியும் ஏறாது'ன்னு சொல்லுச்சு. சரின்னு அன்னிக்கே வாங்கி வெச்சேன். மறுநா மத்தியானம் நாலு திராட்சை எடுத்துக் குடுத்தேன். ஒண்ண வாயில போட்டாரு. கண்ணை மூடிட்டாரு. மூடுன கண்ணுல இருந்து தண்ணி வருது அம்மிணி. 'நல்லா இருக்குது புள்ள'ன்னாரு.

முப்பத்திநாலு வருசம் அந்தாளுக்கு ஆக்கிப் போட்டிருக்கறேன். கறிக்கொழம்பு வெச்சிருக்கறேன், ஒப்பிட்டு சுட்டிருக்கறேன். ஒரு நாளு நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. ஒரு திராட்சைக்குச் சொல்றாரு. எனக்கு என்னமோ பண்ணிருச்சு. என்னன்னு சொல்லத் தெரியல.

மறுநா நாலு ரெண்டாச்சு. அதுக்கு மறுநா ரெண்டு ஒண்ணாச்சு. பொறவு நிறுத்திட்டேன். சுகரும் இருக்குதில்ல அவருக்கு? திராட்சையில சக்கரை இருக்குது. சிஸ்டருக்கு என்ன, சொல்லிப்போட்டுப் போயிரும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லோணும்?

வாங்குன திராட்சை ஃப்ரீசர்ல அப்படியே கெடந்துச்சு. எங்க மேல் போர்ஷன்ல வினோதினின்னு ஒரு புள்ள குடியிருக்குது. ஊட்டுல இருந்துட்டே கம்ப்யூட்டர் வேலை பாக்கற புள்ள. அதுதான் பாத்துட்டு, 'ஆன்ட்டி, இதை வீணாக்காதீங்க, ஃப்ரோசன் ஃப்ரூட் காக்டெய்ல் பண்ணலாம்'னுச்சு. அடிப் போடி, காக்டெய்லா, பொம்பளைங்க குடிக்கறதாடின்னு வெரட்டுனேன். வவுத்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுது. சாராயமெல்லாம் இல்லையாமா. வெறும் பழந்தான். மிக்சியில அடிச்சா ஐஸ்கிரீமுக்கும் ஜூஸுக்கும் நடுவுல ஒரு பதமா வருமாமா.

சொல்றேன் கேளு, நீயும் செய்யலாம். மாம்பழம் செந்தூரம் எடுத்துக்க. நாரு இருக்கற பழம் ஆகாது. அன்னாசி, கருப்புத் திராட்சை, கொஞ்சம் பப்பாளி. துண்டு போட்டு, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரத்தி ஃப்ரீசர்ல வெச்சிரோணும். ஒட்டுச்சுன்னா ஒரே பாறையா ஆயிரும், மிக்சி பிளேடு போயிரும். நான் மொத தடவை அப்படித்தான் பண்ணி, கல்லுல போட்டுத் தட்டித் தட்டி ஒடச்சேன். மறுநா மத்தியானம் எடுத்து, எலுமிச்சை கொஞ்சம், இஞ்சி ஒரு துண்டு, புதினா ரெண்டு எலை, தேனு ஒரு கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை போட மறந்துராதே, உப்பு இல்லீன்னா வெறும் தித்திப்புத்தான். மிக்சிய ஒரே ஓட்டமா ஓட்டப்படாது. ஓட்டுனா சூடாகி உருகிப்போகும். விட்டு விட்டு அடிக்கோணும். ஒரு தட்டு, நிறுத்து. ஒரு தட்டு, நிறுத்து. கண்ணாடி டம்ளரையும் முன்னாடியே ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா, டம்ளருக்கு வெளியில பனி பூத்து நிக்கும். பாக்கவே அப்படி இருக்கும். கரண்டியில அள்ளி வாயில வெச்சா தொண்டை வழியா நெஞ்சு வரைக்கும் குளுகுளுன்னு எறங்கறது தெரியும்.

மூணு மணிக்குத்தான் செய்வேன். அவரு மத்தியானம் சோறுண்டுட்டுப் படுத்தா மூணு மணிக்கு எந்திரிப்பாரு. தூங்கறப்ப மிக்சி போட்டா அவருக்குத் தொந்தரவில்ல? அதனால எந்திரிச்ச பொறவுதான் போடறது. சமையக்கட்டு அனலடிக்கும், அதுக்கு மேல போர்ஷன் இல்ல, வெறும் கான்கிரீட்டு. அதனால மிக்சிய ஹாலுக்குக் கொண்டாந்துட்டேன். பிளக் பாயிண்டும் அவரு கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்குது. அவருக்கும் பேச்சுத்தொணை ஆச்சு. நான் எதுத்தாப்புல சேர் போட்டு உக்காந்து, மெதுவா, ஒரு அரை மணி நேரம் சாப்புடுவேன். அவரு பாத்துட்டு இருப்பாரு. அப்பப்ப தொண்டையில அந்த முடிச்சு மேலயும் கீழயும் போகும்.

ஒரு வாயி குடு புள்ளைன்னு கேப்பாரு. எப்படிக் குடுக்கறது? மாம்பழம் அவருக்கு விஷம் அம்மிணி. பொட்டாசியம். உனக்கும் சீட்டு குடுத்திருப்பாங்க பாரு, மாம்பழம், வாழப்பழம், எளநி எதுவும் ஆகாது. ஆகாதுன்னா ஆகாது. 'உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்'னு சொல்லிப்போட்டு அடுத்த கரண்டி எடுப்பேன்.

ஒரு நாளு தட்டுல இருந்து அன்னாசித் துண்டு ஒண்ணு கீழ விழுந்து உருண்டுருச்சு. எலுமிச்சை எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கறேன், துண்டைக் காணோம். அவரு வாயை இறுக்க மூடிட்டு சுவத்தைப் பாத்துட்டு இருக்கறாரு. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்குது. கைய நீட்டுனேன். 'துப்புங்க'ன்னேன். எழுபது வயசு மனுசன், சின்னக் கொழந்தையாட்டம் தலையாட்டறாரு. 'துப்புங்க.' துப்புனாரு. என்ற உள்ளங்கையில துப்புனாரு. அன்னாசி ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆயிராதுன்னு வினோதினி சொல்லுச்சு. அதுக்கென்ன தெரியும்? இன்னிக்கு ஒரு துண்டும்பாங்க, நாளைக்கு ஒரு தட்டும்பாங்க.

ஏன் அம்மிணி அப்படிப் பாக்கறே? பழி வாங்கறேன்னு நெனைக்கறயா? சேச்சே. நான் பழி வாங்கற பொம்பளை இல்ல. பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கற பழக்கமே எனக்குக் கெடையாது. வெச்சிருந்தா இந்த முப்பத்திநாலு வருசத்துல எத்தனையோ இருக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நீயே சொல்லு.

எம் புள்ள ரஞ்சனி வவுத்துல எட்டு மாசம். கத்திரி வெயிலு. ஈரோட்டு வெயிலு தெரியுமில்ல உனக்கு? ராத்திரியெல்லாம் சுவரே அனலாக் கெடக்கும். எங்க வீதியிலயே மொத மொதல்ல ஃப்ரிட்ஜு வாங்குனது எங்கூட்டுக்காரருதான். செவப்புக் கலரு, ஒத்தைக் கதவு, கதவுலயே சாவி போட்டுப் பூட்டற மாதிரி. அந்தச் சாவி அவரு அரைஞாண் கயித்துலதான் இருக்கும். நான் கேட்டுத்தான் தொறக்கோணும். அன்னிக்கு அவரு தங்கச்சி வீட்டு ஒறம்பரையெல்லாம் வந்திருந்தாங்க. அவரே எந்திரிச்சுப் போய் ஐஸ் எடுத்து, ரோஸ்மில்க்குக் கலக்கி எல்லாருக்கும் குடுத்தாரு. ஆறு டம்ளரு. எனக்கு நாக்கு மேல ஒட்டிட்டு இருக்குது. நான் சமையக்கட்டுக் கதவு நெலவைப் புடிச்சுட்டு நின்னு, 'ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு துண்டு ஐஸு'ன்னேன். மெதுவாத்தான் கேட்டேன். அவரு எல்லாரு முன்னாடியும் சத்தமா, 'வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இவளுக்கு ஐஸு கேக்குதாமா! புள்ளைக்குச் சளி புடிக்கும். உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன், போ'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரு தங்கச்சி ரொம்பச் சிரிச்சா. அவரு எந்திரிச்சுப் போய் ஃப்ரிட்ஜைப் பூட்டுனாரு. டக்குன்னு ஒரு சத்தம்.

டம்ளரெல்லாம் கழுவ எடுத்துட்டு வந்தேன். ஒரு டம்ளருக்கு அடியில நகத்தளவு ஐஸ் கெடந்துச்சு. வாயில போட்டுக்கிட்டேன். பின்னாடியே வந்து நிக்கறாரு. 'துப்பு'ன்னாரு. துப்புனேன்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசுனதே இல்ல. நானும் மறந்துட்டேன். இப்ப நீ கேட்டயேன்னு சொன்னேன். நீ கேக்கலையா? சரி, கேட்ட மாதிரி இருந்துச்சு.

வைகாசியில ஒரு நாளு, காலையில டயாலிசிஸுக்குக் கெளப்பறேன், கெளம்ப மாட்டேங்கறாரு. 'என்னைய இனி அங்க கூட்டிட்டுப் போகாதே புள்ள'ங்கறாரு. 'எனக்குப் போதும். ஒரு சொம்பு நெறையத் தண்ணி குடு. வவுறு நெறையக் குடிச்சுப்போட்டுப் போயிர்றேன்'ங்கறாரு. அப்படியெல்லாம் பேசப்படாதுங்கன்னு சொல்லி, சட்டையப் போட்டுவிட்டு, ஆட்டோவுல தூக்கி வெச்சுக் கொண்டாந்துட்டேன். உங்களைப் போக விட்டுருவனா நானுன்னு கேட்டேன். ரஞ்சனி போன்ல அழுகுது, 'அம்மா, நீ இல்லீன்னா அப்பா எப்பவோ போயிருப்பாரு. நீ தெய்வம்மா'ன்னு. பெத்த புள்ளை வாயால அதைக் கேக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்.

ஆனா இதைக் கேளு. ஆனியில எனக்குக் காய்ச்ச வந்துருச்சு. நல்ல காய்ச்ச, எந்திரிக்க முடியல. ஃப்ரிட்ஜு சாவிய தலகாணிக்கு அடியில வெச்சுட்டுப் படுத்துட்டேன். திடீர்னு மிக்சி சத்தம் கேக்குது. கண்ணு முழிச்சுப் பாக்கறேன், மத்தியானம் மூணு மணி. தலகாணிக்கு அடியில கைய விட்டா சாவியில்ல. சத்தம் எப்படிக் கேக்குது தெரியுமா? விட்டு விட்டுக் கேக்குது. ஒரு தட்டு, நிறுத்து. ஒரு தட்டு, நிறுத்து. ரெண்டு மாசமா எதுத்தாப்புல படுத்துட்டுப் பாத்தாரில்ல, கத்துக்கிட்டாரு.

எந்திரிக்கப் பாக்கறேன், தலை சுத்துது. அவரே வர்றாரு. ஒரு கையில சுவத்தைப் புடிச்சுட்டு, ஒரு கையில அந்தக் கண்ணாடி டம்ளரு. டம்ளரு ஆடுது, பூரா ரொப்பியிருக்கறாரு. கொண்டாந்து என்ற தலைமாட்டுல வெச்சாரு. அப்படியே கீழ உக்காந்துட்டாரு, நிக்க முடியல. 'அன்னிக்கு நீ கேட்டயே புள்ள. குடி'ன்னாரு.

'என்னிக்கு?'ன்னு கேட்டேன். எனக்கா தெரியாது? அவரு வாயில இருந்து வரட்டும்னு கேட்டேன். 'ரஞ்சனி வவுத்துல இருந்தப்ப'ன்னாரு. தலையக் குனிஞ்சுட்டாரு.

நான் மொதல்ல அவரு ஒதட்டைத்தான் பாத்தேன். ஈரமா இருக்குதான்னு. வெடிச்சு, தோலு பேந்து, வெள்ளையாக் கெடக்குது. 'வாயத் தொறங்க'ன்னேன். தொறந்தாரு. நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தேன். காஞ்ச நாக்கு. ஒரு சொட்டு உள்ள போகல.

அப்புறம் டம்ளரை எடுத்துக் குடிச்சேன். கரண்டி கொண்டாரலை அந்தாளு, அப்படியே சாச்சுக் குடிச்சேன். காய்ச்சல் வாயிக்கு அமிர்தமா இருந்துச்சு, அதைச் சொல்லோணும். அடி வரைக்கும் குடிச்சேன். அவரு தரையில உக்காந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. ஏதோ சொல்லுவேன்னு காத்துட்டு இருக்கற மாதிரி. 'உப்புப் பத்தல'ன்னேன். சரின்னு தலையாட்டுனாரு. டம்ளரை அவருகிட்டக் குடுத்து, 'கழுவி வெச்சுப்போட்டு, பூட்டிச் சாவியக் கொண்டாங்க'ன்னேன். கொண்டாந்து குடுத்தாரு.

மறுநா அவரைத் தராசுல நிறுத்திப் பாத்தேன். நூறு கிராம் கூட ஏறல. அத்தனை பழமும் ஐஸும் கையில இருந்துச்சு, கேக்க ஆளில்ல, நான் கண்ணு மூடிக் கெடக்கறேன். வெரலைக் கூட நக்கல பாரேன்! ஏன்னு நெனைக்கறே? பயம் அம்மிணி. எம் மேல இருக்கற பயம். அந்தளவுக்குப் பயத்துல வெச்சிருக்கோணும். அதுதான் உனக்கு நான் சொல்ற பாடம். அன்னியில இருந்து சாவி தலகாணிக்கடியில கெடையாது. இதோ பாரு, தாலிக்கொடியில கோத்துட்டேன்.

எதுக்கு எந்திரிக்கறே? உக்காரு. உன்ற வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. அழுகறயா? உனக்கும் எல்லாம் பழகிப்போகும்.

இன்னிக்கு ரவுண்ட்ஸ் வந்தப்ப பெரிய டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? அவரு ரிப்போர்ட்டை எல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, 'அம்மா, நீங்க இப்படியே பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருசம் தாராளமா ஓட்டலாம்'னாரு. அவரு கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுதான் சொன்னாரு. எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு கலங்கிருச்சு. சந்தோசம் இருக்காதா? பத்து வருசம்னா பத்துக் கோடை. மாசியிலயே வெயிலு இப்படிப் போடுது, இந்த வருசம் மாம்பழம் நல்லா வரும்னு சந்தையில சொல்றாங்க.

அட, பேச்சுவாக்குல மணி மூணாயிருச்சே. அந்தப் பையை இப்படிக் குடு. இது ஃபிளாஸ்க்கு, இதுல போட்டா நாலு மணி நேரத்துக்கு உருகாது. ஆஸ்பத்திரி நாளுன்னா கையோட கொண்டாந்துருவேன். உனக்கு வேணுமா? வேண்டாமா? சரி.

அவரு முழிச்சுட்டாரு பாரு. இங்கதான் பாக்கறாரு.

கொஞ்சம் அக்கட்டால நகரு அம்மிணி. அவருக்கு மறைக்குது.